திசு வளர்ப்புச் செடியில் இலை நிறம் மாறினால்: நெல்லைச் சீமையின் புதிய வளர்ப்பாளர்களுக்கு

களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போடுகிறவர்களுக்குத் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டை ஆய்வகக் குப்பியில் வளர்த்துப் பல செடிகளாக்குவது, புதிய செய்தி அன்று. ஆய்வகக் கன்று நட்ட வயலில் அபூர்வமாக ஒன்று மட்டும் குட்டையாக நின்றுவிடுவதையும், வேறொன்றின் இலையில் வெளிர்க் கோடு ஓடுவதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். பார்த்த கையோடு தோண்டி வரப்பில் எறிந்தும் இருப்பார்கள். ஒழுங்காகத் தார் தள்ளாத கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச யாருக்கும் மனம் வராது. அதே வெளிர்க் கோடு ஒரு பிலோடென்ட்ரான் இலையிலோ சிங்கோனியம் இலையிலோ தோன்றினால், அழகுச் செடி வளர்ப்பவர் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, படம் எடுத்து, விலையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார். இரண்டு இடத்திலும் செடிக்குள் நடந்திருப்பது ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆய்வகத்திலிருந்து குப்பிச் செடிகளை வாங்கி, வீட்டு மாடியிலோ சிறிய நர்சரியிலோ வளர்க்கத் தொடங்கியிருக்கும் நம் பக்கத்துப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறம் மாறிய இலையைக் கண்டதும் அதன் அழகைப் பார்க்காமல், அந்த மாற்றம் செடியின் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். அது நிற்குமா, மறைந்துவிடுமா, பெருக்க முடியுமா, விற்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த இடத்தைப் பொறுத்தே அமைகிறது.

குப்பிக்குள் என்ன நடக்கிறது

செடியின் வளர்நுனியில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திய அடுக்குகளாக இருக்கின்றன. பெரும்பாலான பூக்கும் செடிகளில் இவ்வடுக்குகள் இரண்டோ மூன்றோ இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் இலையின் ஒவ்வொரு பகுதியை உருவாக்கும். ஏதோ ஓர் அடுக்கின் செல்கள் பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்துவிட்டால், அந்த அடுக்கிலிருந்து வரும் பகுதி மட்டும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும். வெள்ளை விளிம்பும் பச்சை நடுவும் கொண்ட இலை இப்படித்தான் பிறக்கிறது. வெவ்வேறு மரபுத் தன்மை கொண்ட செல்கள் ஒரே உடலில் சேர்ந்து வாழும் இத்தகைய செடிக்குக் கைமேரா என்று பெயர். வெள்ளை விளிம்புடைய பெலர்கோனியம் செடிகளை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் எர்வின் பவுர், இந்த அடுக்கு விளக்கத்தை 1909லேயே கொடுத்துவிட்டார்.

திசு வளர்ப்பில் மாற்றம் இரண்டு வழிகளில் வருகிறது. தாய்ச் செடியில் ஏற்கெனவே அடுக்கடுக்காக ஒளிந்திருந்த வேறுபாடு, செடியைத் துண்டு துண்டாக்கும்போது பிரிந்து வெளியே தெரிவது ஒரு வழி. தாயில் இல்லாத மாற்றம், குப்பிக்குள் செல்கள் வேகமாகப் பெருகும்போது புதிதாகத் தோன்றுவது மற்றொரு வழி. பின்னதற்கு லார்கின், ஸ்கௌகிராஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் சோமாகுளோனல் வேறுபாடு என்று பெயரிட்டார்கள். ஒழுங்கற்ற செல் திரளாகிய காலஸ் வழியாகச் செடி உருவாக்கினாலும், வளர்ச்சி ஊக்கிகளின் அளவு கூடினாலும், ஒரே திசுவை மறுபடி மறுபடி பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே போனாலும் இத்தகைய வேறுபாடு பெருகும். வாழைக் கன்று தயாரிக்கும் நல்ல ஆய்வகங்கள் இதனால்தான் இப்படிப் பிரித்து மாற்றும் சுற்றுகளுக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்கின்றன. குப்பி வாங்கும்போது "இது எத்தனையாவது சுற்று?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த ஆய்வகத்திலேயே அடுத்த முறையும் வாங்குங்கள்.

அடுக்கு விஷயத்தை நம் வேலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பொட்டல் வேலிகளில் மருள் என்று ஒரு செடி முளைத்துக் கிடக்கும்; கடையில் ஸ்நேக் பிளாண்ட் என்று விற்பது அதன் உறவு. அதில் மஞ்சள் விளிம்புள்ள லாரண்டி வகையின் இலையை வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும், கன்றும் வரும். ஆனால் கன்று பச்சையாகத்தான் வரும். இலைத் துண்டிலிருந்து எழும் புதுக் குருத்து உட்புறத்துப் பச்சைச் செல்களிலிருந்து கிளம்புவதால், மஞ்சள் அடுக்கு அதில் சேர்வதில்லை. கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் மட்டுமே மஞ்சள் விளிம்பு தொடரும். இந்த ஒரு செடியை இரண்டு விதமாகவும் நட்டுப் பார்த்துவிட்டவருக்குக் கைமேராவைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது என்று சொல்லலாம்.

முதல் வேலை: குப்பியிலிருந்து தொட்டிக்கு

நிறத்தை ஆராய்வதற்குச் செடி முதலில் பிழைக்க வேண்டும். குப்பிக்குள் காற்று எப்போதும் ஈரமாக இருந்ததால் இலையின்மேல் மெழுகுப் படலம் சரியாக உருவாகியிருக்காது. இலைத்துளைகளுக்கும் மூடிப் பழக்கம் இருக்காது. சித்திரை வைகாசி வெயிலில் அதைத் திறந்து வைத்தால் ஒரே மதியத்தில் துவண்டுவிடும். ஆனி ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று வெயிலைவிடக் கெடுதல். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எனவே திருநெல்வேலிச் சமவெளியில் இருப்பவர்கள் கார்த்திகை முதல் மாசி வரைக்கும் உள்ள காலத்தில் குப்பி திறப்பது நல்லது. தென்காசி, குற்றாலப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சாரல் காலத்து ஈரக் காற்று கூடுதல் உதவி. அங்கேயும் செடியைக் காற்று மறைவில் வைக்க வேண்டும்.

வேரில் ஒட்டியிருக்கும் அகாரை (குப்பியில் செடி வளர்ந்த கூழை) வெதுவெதுப்பான தண்ணீரில் முழுவதும் கழுவுங்கள், ஏனென்றால் அதிலுள்ள சர்க்கரை பூஞ்சையை அழைத்து வரும். லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, கழுவிய தென்னை நார்க் கழிவும் பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல் துகளும் கலந்த புரோட்ரேயில் (குழிகள் உள்ள நாற்றுத் தட்டில்) நடுங்கள். 75 சதவீத நிழல்வலையின் கீழே, பாலித்தீன் மூடாக்குக்குள் ஒரு வாரம் இருக்கட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து மூடாக்கை நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் முழுவதும் எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு தட்டிலும் குப்பி எண்ணையும் திறந்த தேதியையும் எழுதிக் குத்தி வையுங்கள். இது அலுப்பான வேலைதான். ஆனால் பின்னால் ஐந்து செடிகளில் ஒரே மாதிரி நிற மாற்றம் தெரியும்போது, அவை ஐந்தும் ஒரே குப்பியிலிருந்து வந்தவையா வெவ்வேறு குப்பியிலிருந்து வந்தவையா என்பதை அந்தச் சீட்டு ஒன்றுதான் சொல்லும்.

குப்பிக்குள் உருவான இலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மங்கிய வெளிச்சத்திலும் ஊக்கிகளின் பிடியிலும் வளர்ந்த அவை வெளிறியும் குறுகியும் இருப்பது வழக்கம். வெளியே வந்தபின் விரியும் நான்காவது இலையிலிருந்துதான் செடியின் குணம் தெரியத் தொடங்கும்.

பொய் மாற்றங்களைக் கழிப்பது

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நானும் ஏமாந்திருக்கிறேன். முதன்முதலில் வாங்கிய சிங்கோனியம் தட்டில் ஏழெட்டுச் செடிகளின் இளந்தளிர் வெண்மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக, வரைந்து வைத்தாற்போல விரிந்தது. அபூர்வ வகை கிடைத்துவிட்டது என்று எண்ணி, அதில் இரண்டைப் பாளையங்கோட்டைக்காரர் ஒருவருக்கு விற்றும்விட்டேன். அவர் வீட்டில் ஆற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் செடி நல்ல பச்சையாக எழுந்து நின்றது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் செடியைத் திரும்பக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் ஆழ்குழாய்த் தண்ணீரின் காரத்தன்மையால் இரும்புச் சத்து வேரில் ஏறாமல் போயிருக்கிறது. வண்ணம் என்று நான் விற்றது சோகை.

தாமிரபரணி வாய்க்கால் தண்ணீர் கிடைக்கும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடுப்புமாக இருக்கும். தண்ணீரின் பி.எச். அளவு ஏழுக்கு மேலே போகப் போக, மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இதற்கான சோதனை எளிது. செலேட்டட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்பு) நுண்ணூட்டத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து, சந்தேகப்படும் செடியின் ஒரு பக்கத்து இலைகளில் மட்டும் வாரம் ஒருமுறை, மாலையில் தெளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தெளித்த இலை பச்சை ஏறினால், அது மரபு மாற்றம் அன்று. பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்த செல்லுக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் பச்சை வராது. ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, புதுச் செடிகளுக்கு முதல் மூன்று மாதம் அதையே ஊற்றினால் இந்தக் குழப்பமே பெருமளவு நீங்கும்.

இரும்புக் குறை இளந்தளிரில் தெரியும். மக்னீசியக் குறை கீழே உள்ள முதிர்ந்த இலையில் தெரியும். இரண்டிலும் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளுக்கும். இடமும் வலமும் ஒரே சீராக இருக்கும். இந்தச் சீர் ஒரு நல்ல அடையாளம். நீங்கள் தேடும் கைமேரா பெரும்பாலும் நரம்பைப் பொருட்படுத்தாமல், கத்தியால் கீறியதைப் போன்ற கூர்மையான எல்லையோடு இருக்கும்.

வைரஸைத்தான் எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டும். பிலோடென்ட்ரான், அக்லோனிமா, சிங்கோனியம், அந்தூரியம் எல்லாம் நம் சேப்பங்கிழங்கின் குடும்பம். சேம்பைத் தாக்கும் தேமல் வைரஸ் இவற்றையும் தாக்கும். வைரஸ் வந்த இலையில் இறகு போன்ற வெளிர்த் தேமல் நரம்போரமாகப் படரும், இலை சுருங்கிக் கோணும். ஓர் இலையில் தெரிந்து அடுத்த இரண்டு இலையில் மறைந்து மறுபடி தோன்றும். நிறப் பகுதியைத் தடவும்போது மேடு பள்ளமாக இருந்தாலோ, இலையின் வடிவம் கெட்டிருந்தாலோ, அந்தத் தொட்டியைத் தொலைவில் கொண்டுபோய் வையுங்கள். அதை வெட்டிய பிளேடால் இன்னொரு செடியைத் தொடாதீர்கள். திசு வளர்ப்புச் செடியில் வைரஸ் வராது என்று சிலர் உறுதி சொல்வார்கள். தாய்ச் செடியைச் சோதிக்காமல் குப்பியில் ஏற்றினால் வைரஸும் சேர்ந்தே பெருகும்.

சிலந்திப் பேன் உறிஞ்சிய புள்ளிகளை இலையின் அடிப்புறத்தைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். வெளிச்சத்தால் வரும் மாற்றத்தை இடம் மாற்றி வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அக்லோனிமாவின் சிவப்பு இருட்டில் மங்கி, வெளிச்சத்தில் திரும்பும்.

நிறம் எங்கே இருக்கிறது என்று படிப்பது

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் நிறம் நிற்கிறதென்றால், இப்போது உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள். இலையை மட்டும் பார்த்தால் போதாது; காம்பையும் தண்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் இலையிலும் விளிம்பு முழுவதும் ஒரே அளவில் வெள்ளையாகவோ, நடு மட்டும் வெள்ளையாகவோ வந்தால், ஓர் அடுக்கு முழுவதும் மாறிவிட்டது என்று பொருள். கைமேராக்களில் நிலைத்து நிற்பது இதுதான். கணுவோடு வெட்டி நட்டால் பெரும்பாலும் அப்படியே தொடரும்.

ஒரு பக்கத்து இலையில் மட்டும் நிறம், மறுபக்கத்தில் வெறும் பச்சை என்றால், மாற்றம் தண்டின் ஒரு கீற்றில் மட்டும் இருக்கிறது. மான்ஸ்டெரா என்ற அழகுக் கொடியில் இலைகள் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி வருவதால், இத்தகைய செடி ஒன்றுவிட்டு ஓர் இலையில் வெள்ளை காட்டும். புதியவர்களைக் கவர்வதும் கைவிடுவதும் இந்த வகைதான். நுனி வளர வளர அந்தக் கீற்று ஒதுங்கிப்போய், ஒரு நாள் பச்சை மட்டும் மிஞ்சும். இதற்கு மருந்து வெட்டுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

இலை முழுவதும் பால் தெளித்ததைப் போலப் புள்ளிகள், எல்லா இலையிலும், எல்லாச் செடியிலும் இருந்தால், அந்தக் குணம் ஒவ்வொரு செல்லிலும் இருக்க வாய்ப்புண்டு. தாய்லாந்தின் ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த தாய் கான்ஸ்டலேஷன் மான்ஸ்டெரா இப்படிப்பட்டது. திசு வளர்ப்பிலும் நிறம் மாறாமல் வருவதால்தான் அது இன்று குப்பி குப்பியாகக் கிடைக்கிறது. கீற்றுக் கீற்றாக வெள்ளை ஓடும் ஆல்போ மான்ஸ்டெராவைப் பெரும்பாலும் கணுக் குச்சியாகவே பெருக்குகிறார்கள் என்பதற்கும், அதன் விலை பல ஆண்டுகள் இறங்காமல் இருந்ததற்கும் காரணம் அதன் நிறம் அடுக்கிலும் கீற்றிலும் இருப்பதே. ஆல்போவின் திசு வளர்ப்புக் குப்பி என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், உள்ளே வெறும் பச்சைச் செடி இருக்க நிறைய வாய்ப்புண்டு.

வெள்ளிப் பூச்சு போன்ற மினுமினுப்பு மேற்சொன்ன எதிலும் சேராது. பல செடிகளில் அது மேல்தோலுக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளி ஒளியைத் திருப்புவதால் வருவது. கலேடியம், கலாத்தியா போன்றவற்றின் கோலங்களும் அந்தச் செடிகளின் இயற்கைக் குணமே. இவற்றை மாற்றம் என்று எண்ணி மகிழவும் வேண்டாம், விலை ஏற்றவும் வேண்டாம்.

வெட்டிப் பிடிப்பது

ஒவ்வொரு கணுவிலும், காம்பு தண்டைத் தொடும் கக்கத்தில் ஓர் உறங்கும் மொட்டு இருக்கிறது. அந்த மொட்டின் அடியில் எந்தச் செல்கள் இருக்கின்றனவோ அவைதான் புதுக் கிளையாக வரும். எனவே தண்டில் வெள்ளைக் கோடு ஓடும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அந்தக் கோடு எந்த மொட்டின் வழியாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மொட்டு பாதி வெள்ளையும் பாதி பச்சையுமான எல்லைக் கோட்டின்மேல் இருந்தால் அதுவே உத்தமம். முழு வெள்ளையின்மேல் இருந்தால், வரும் கிளையும் முழு வெள்ளையாகவே வரும். அது தாய்ச் செடியில் ஒட்டியிருக்கும்வரை தாயின் உணவில் வாழும், வெட்டி நட்டால் பட்டினியால் சாகும்.

குறித்த கணுவுக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்த புதிய பிளேடால் நுனியை வெட்டுங்கள். வெட்டிய நுனியையும் எறியாமல் தனியே வேர்விட வையுங்கள். நுனி போனதும் கீழே உறங்கிய மொட்டு விழிக்கும். விழித்து வரும் கிளையின் முதல் மூன்று இலைகளில் நிறம் கூடியிருந்தால் அதை வளர விடுங்கள். குறைந்திருந்தால் அடுத்த கணுவுக்கு இறங்கி மறுபடி வெட்டுங்கள். ஒரு கீற்று மாற்றத்தை இப்படி இரண்டு மூன்று வெட்டில் ஓர் அடுக்கு முழுவதுமான மாற்றமாக நிலைநிறுத்த முடியும். எல்லாச் செடியும் இதற்கு இணங்கும் என்று சொல்ல மாட்டேன்.

நிறத்தைக் காப்பாற்ற நினைக்கும் செடியை இலையிலிருந்தோ வேரிலிருந்தோ பெருக்காதீர்கள்; மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்பவும் அவசரப்படாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், காலஸ் இல்லாமல் கணு மொட்டிலிருந்து நேராகக் கிளைக்கவைக்கும் முறையில் செய்வார்களா என்று கேட்டு, பத்துப் பதினைந்து செடி மட்டும் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

பச்சை திரும்பும்போது

வெள்ளை கலந்த செடியில் திடீரென்று முழுப் பச்சைக் கிளை ஒன்று எழும். பச்சையம் முழுமையாக இருப்பதால் அது மற்ற கிளைகளைவிட வேகமாக ஓடும். விட்டுவைத்தால் சில மாதத்தில் தொட்டி முழுவதும் அதுவாகிவிடும். கண்டவுடன், கடைசியாக நிறம் காட்டிய கணுவரை இறங்கி வெட்டிவிடுங்கள். இதில் தயவு காட்ட இடமில்லை.

வெள்ளைப் பகுதி நம் வெயிலுக்குத் தாங்காது. மாடியில் வளர்ப்பவர்கள் கிழக்கு வெயில் மட்டும் படும்படி வைத்து, பங்குனி முதல் ஆவணி வரை மேற்குப் பக்கத்தைச் சாக்கோ நிழல்வலையோ கட்டி மறைக்க வேண்டும். வெள்ளையின் ஓரம் பழுப்பாகத் தீய்ந்தால், அதைக் கண்டு உரம் கூட்டாதீர்கள். நம் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே கூடுதல், உரமும் உப்புதான்.

விற்பதற்கு முன்னும் வாங்குவதற்கு முன்னும்

தாய்ச் செடி, அதன் கணுக் குச்சி, அந்தக் குச்சியின் கணுக் குச்சி என்று மூன்று தலைமுறை, ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து இலை பார்க்காமல் நான் இப்போது எதையும் புதிய வகை என்று சொல்லுவதில்லை. இது ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அதற்குள் விற்க வேண்டிய நெருக்கடி இருந்தால், "நிறம் நிலைக்கும் என்று உறுதியில்லை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுங்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு ரகத்தைப் பதிவு செய்வதற்கும் அது தனித்தன்மையோடும் ஒரே சீராகவும் தலைமுறை தாண்டி நிலையாகவும் இருக்க வேண்டும் என்பதே விதி.

வாங்கும்போது படத்தை நம்பாதீர்கள். பிங்க் காங்கோ என்ற பிலோடென்ட்ரான் சில ஆண்டுகளுக்கு முன் பெரும் விலைக்கு விற்றது, இலையெல்லாம் இளஞ்சிவப்பு. வாங்கியவர்கள் வீட்டில் சில மாதங்களில் புதிய இலைகள் பச்சையாகவே வந்தன, ஏனென்றால் அந்தச் சிவப்பு மருந்து கொடுத்து வரவழைத்தது. விற்பவரிடம் செடியின் தண்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி நான்கு இலைகளின் படத்தைத் தேதியோடு கேளுங்கள். நிறமுள்ள ஓர் இலையை மட்டும் காட்டி, தண்டைக் காட்ட மறுக்கிறவரிடம் விலை பேச வேண்டாம்.

வெட்டிப் பெருக்கத் தொடங்கிய பிறகு, தாய்ச் செடியை எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். கன்றுகளில் நிறம் மங்கினால் திரும்பிப் போய் வெட்டுவதற்கு அதில்தான் கணு இருக்கும்.